வார்டில் மாட்டிய மாதிரியே மாட்டிப் பார்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, டிரிப்ஸ் திரவத்தில் பிளாஸ்டிக் துகள் தேடும் உன் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னபோது நான் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன். கோபம் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது. இல்லை கண்ணு. முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இந்தக் கையால் மாட்டிய டிரிப்ஸ் பாட்டில்கள்தான் மனசில் ஓடின.

நீ சொன்னது எனக்குப் புரிந்தது. திரவத்தை வடிகட்டி, வடிதாளில் தங்கும் துகள்மேல் லேசர் அடித்தால், சிதறும் ஒளியில் ஏறக்குறைய கோடியில் ஒரு பங்குதான் நிறம் மாறி வரும். அந்த மாற்றத்தை வைத்தே அது எந்த வகைப் பிளாஸ்டிக், பாலிப்ரொப்பிலீனா பிவிசியா என்று சொல்லிவிடலாம். நம் திருச்சியில் பிறந்த ராமன் 1928-ல் கண்டது. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, துகள்வரை பிடிபடும் என்றாய். தலைமுடியின் பருமன் அதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல்.

ஆனால் நீ புதுப் பாட்டிலை லேபில் சுத்தமாகத் திறந்து வடிகட்டினால், கம்பெனியிலிருந்து வந்த துகள்தான் தெரியும். எங்கள் கை சேர்த்தது தெரியாது. நைட் டியூட்டியில் பாட்டில் சரியாக இறங்காவிட்டால், காற்றுக்காக மேலே ஒரு நீடிலைக் குத்துவோம். நானும் குத்தியிருக்கிறேன். மருந்து சேர்க்க ரப்பர் மூடியில் இரண்டு மூன்று முறை ஊசி போகும். மருந்து இருக்கும் கண்ணாடி ஆம்பியூலை உடைத்தால் கண்ணாடிச் சில்லு உள்ளே விழும். துளி வேகத்தைச் சரிபண்ண டியூபை நசுக்கும் உருளையை எத்தனை தடவை ஏற்றி இறக்குவோம்! இதையெல்லாம் செய்து பார்த்து, அப்புறம் வடிகட்டு. கண்ணாடியும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் தனித்தனியாகக் கணக்கில் வரட்டும். 0.2 மைக்ரான் வடிகட்டி பொருத்திய டிரிப்ஸ் செட் கிடைக்கிறதே, அதோடும் அது இல்லாமலும் பார்.

உன் துணியிலிருந்தும் லேபிலிருந்தும் விழும் துகள் கணக்கில் கலக்காமலிருக்க, பருத்திக் கோட்டு போட்டுக்கொண்டு, வெறும் சுத்தத் தண்ணீரையும் அதே மாதிரி வடிகட்டிப் பார்க்கிறேன் என்றாயே, அதை ஒரு நாளும் விட்டுவிடாதே. ஆபரேஷனில் தைக்கும் முன் பஞ்சு எண்ணுவது போல அது. எவ்வளவு அவசரமானாலும் நாங்கள் எண்ணாமல் விட மாட்டோம்.

முதலில் டயாலிசிஸ் டியூபைப் பார் என்றுதான் சொல்வேன். எதிர்வீட்டு மாமாவுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தம் முழுக்க பிளாஸ்டிக் வழியாகவே ஓடித் திரும்புகிறது. அப்புறம் குறைமாதக் குழந்தைகளுக்கு ஏற்றும் டிரிப்ஸ்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கண்டதைக் கண்டபடி எழுது, ஆனால் துகள் இருப்பதையும் அதனால் வரும் கெடுதலையும் ஒன்றாக்கி எழுதாதே. அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வாந்திபேதியோடு ஒரு குழந்தையைத் தூக்கி வந்தார்கள். கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளினால் அப்படியே நின்றது. விடிவதற்குள் பால் கேட்டு அழுதது. ஏறியது பிளாஸ்டிக் பாட்டில் சலைன்தான். உன் கட்டுரையைப் படித்து எந்தத் தாயும் டிரிப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

ஒரு பாட்டில் தீர்வதற்குள் எங்கெங்கே, எத்தனை முறை குத்துவோம், திருகுவோம் என்று தனித்தாளில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கம் வந்துவிட்டது. சனிக்கிழமை ராத்திரி போன் பண்ணு, வாசிக்கிறேன், நீ குறித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா