ஏட்டி, சுண்டலே போதும்

ஏட்டி, ஸ்தோத்திரம். வீட்ல எல்லாரும் சுகமா? உன் லெட்டருக்கு பதில் போடணும் போடணும்னே நாள் ஓடிட்டு, இந்த வேலூர் வெயில்ல மத்தியானம் கிச்சன்ல நிக்க முடியாது, அதனால சமையல காலைலயே இறக்கி வச்சிட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்து எழுதுதேன். உன் மருமகளுக்கு எட்டாவது மாசம்னு கேட்டு ரொம்ப சந்தோஷம், ஜெபத்துல வச்சிருக்கோம். எங்க வீட்டய்யாவுக்கு சுகர் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்திருக்கு, சின்னவன் பெங்களூர்ல வேலைக்கு சேந்துட்டான், நம்ம சோத்த நெனச்சு அழுதான், இப்போ ஃபோனே பண்ண மாட்டேங்கான்.

சரி, உன் விஷயத்துக்கு வாரேன். உங்க சபை பெண்கள் ஐக்கிய சங்கத்துல, வீடு வீடா மாறி மாறி பைபிள் ஸ்டடி வைக்கிற வீட்டுக்கூட்டம் படுத்துட்டுன்னு எழுதிருந்தியே, யாரும் என் வீட்டுக்கு வாங்கன்னு சொல்ல மாட்டேங்காங்கன்னு. எனக்கு ஆச்சரியமே இல்லட்டி. இங்கயும் அதேதான் நடந்துச்சு. மொதல்ல ஒரு வீட்ல வடையும் காப்பியும், அடுத்த வீட்ல பஃப்ஸும் கேக்கும், அதுக்கடுத்த வீட்ல கட்லெட்டு ஐஸ்கிரீமு, கடைசியில ஆளுக்கொரு பிரியாணி பார்சல் கையில குடுத்து அனுப்புனாங்க. பைபிள் ஸ்டடி அரை மணி நேரம், அடுப்படி வேலை ரெண்டு நாளு. சம்பளக்காரங்க சமாளிச்சுட்டாங்க. வீட்டு வேலைக்கு போற அக்காமாரு, புருஷன் இல்லாம பிள்ளைகள வளக்கிறவங்க எல்லாம் மெதுவா கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க, ஏன்னா நாலு வீட்ல சாப்பிட்டா அஞ்சாவது வீடு நம்ம வீடுல்லா.

பேதுரு நிருபத்துல "முறுமுறுப்பில்லாமல் ஒருவரையொருவர் உபசரியுங்கள்"னு இருக்குல்ல, எனக்கு அத வாசிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். அந்த மனுஷன் வீட்லதான மாமியாக்காரி ஜுரத்துல கெடந்து, ஆண்டவர் கையப் பிடிச்சு தூக்கின கையோட எந்திரிச்சு வந்தவங்களுக்கு பணிவிடை செஞ்சா. அந்தம்மா முறுமுறுத்தாளா இல்லையான்னு மாற்கு எழுதல. ஆனா அடுப்படி பக்கமிருந்து என்ன சத்தம் வரும்னு பேதுருவுக்கு தெரியாமலா அப்படி எழுதுனாரு!

நாங்க என்ன செஞ்சோம்னா, ஒரு டீ, ஒரு சுண்டல், அதுக்கு மேல யாரும் எதுவும் வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல பேசி முடிவு பண்ணிட்டோம். அத சொன்னதும் ஒரே சண்டை. எங்க சங்கத்துல வசதியான ஒரு ஆன்ட்டி இருக்காங்க, கை நெறைய செய்வாங்க, அவங்களுக்கு முகமே சுருங்கிட்டு. நான் பெருமைக்காடி செய்யுதேன், எனக்கு குடுக்கதுதான சந்தோஷம்னு கேட்டாங்க. அது நியாயமான கேள்விதான், பெத்தானியாவுல அந்த விலையேறப்பெற்ற தைலத்த ஊத்துனப்ப வீண்செலவுன்னு சொன்னவங்கள ஆண்டவரே அதட்டிட்டாரே. இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்கு எங்ககிட்ட சரியான பதில் கெடையாது. ஆனா விதி விதிதான்னு நின்னுட்டோம், அவங்களும் ஒரு மாசம் மூஞ்சிய தூக்கி வச்சிருந்துட்டு அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, அந்த பிரியாணியெல்லாம் டிபன் கேரியர்ல ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜுகளுக்கு போக ஆரம்பிச்சுது.

இந்த லாட்ஜ் கதைய உனக்கு சொல்லணும். மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா 1900ல ஒத்தக் கட்டிலோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரிதான் இங்க இருக்க சிஎம்சி, 1918ல பொம்பளைகளுக்குன்னே மெடிக்கல் ஸ்கூலும் ஆரம்பிச்சாங்க, இப்போ வங்காளத்துலருந்தும் வடகிழக்குலருந்தும் அவ்ளோ ஜனம் வருது. காந்தி ரோட்ல நடந்தா கடை போர்டெல்லாம் பெங்காலியில இருக்கும். நோயாளி கூட வந்தவங்க மாசக்கணக்குல லாட்ஜ் ரூம்ல தங்கி, கேஸ் அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து தாங்களே பொங்கித் திம்பாங்க. முக்காவாசி பொம்பளைங்கதான். அம்மாவப் பாக்க வந்த மக, அக்காவப் பாக்க வந்த தங்கச்சி. பாஷை தெரியாது, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் சுவரத்தான் பாத்துட்டு இருக்கணும். அவங்கள்ல சிலபேர ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு எங்கெங்க வீட்டுக்கு கூட்டிட்டு போக ஆரம்பிச்சோம்.

எங்க வீட்டுக்கு மிசோரம்லருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தாங்க. நான் கோழிக்குழம்பு வச்சிருந்தேன், காரம்னு கண்ணுல தண்ணி வந்துட்டு பாவம், ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டாங்க. அடுத்த வாரம் அந்த அம்மா நேரா கிச்சனுக்குள்ள வந்து என்னை நகத்திவிட்டுட்டு, இருந்த கீரையயும் பீன்ஸயும் எண்ணெயே ஊத்தாம வேகவச்சு வச்சாங்க, பாய்னு சொல்றாங்க அத. ஏட்டி, எனக்குள்ள ஒரு பக்கம் என் அடுப்புல அடுத்த ஆளா அப்படின்னு இருந்துச்சு, ஆனா என் வீட்ல என்னைய உக்கார வச்சு ஒருத்தி பரிமாறி எத்தன வருஷம் ஆச்சுன்னு நெனச்சா தொண்ட அடச்சிட்டு. சாஸ்திரத்துக்கு ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிக்க விடல அந்தம்மா, ரெண்டாவது தடவையும் வச்சாங்க.

மக கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவா, அவதான் சொன்னா, அவங்க ஊர்ல ஒவ்வொரு தடவ சோறு பொங்கும்போதும் ஒரு பிடி அரிசிய சபைக்குன்னு தனியா எடுத்து வைப்பாங்களாம், 1910லருந்து நடக்குது, சங்கத்து பொம்பளைங்க வீடு வீடா போய் சேத்து வித்து மிஷனரி ஊழியத்துக்கு குடுக்காங்க. நம்ம பாட்டிமாரும் பிடி அரிசி டப்பா வச்சிருந்தாங்கன்னு சொன்னேன், அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு, என் கையப் பிடிச்சிட்டு ரெண்டு பாஷையிலயும் என்னமோ பேசிட்டே இருந்தோம்.

அதுலருந்து எனக்கு ஆண்டவர உபசரிச்ச மார்த்தாள் மரியாள் வீட்ட விட எலிசபெத்து வீடுதான் அடிக்கடி ஞாபகம் வருது. ஆறு மாசக்காரி, அதுவும் வயசான காலத்துல, அவ வீட்டுக்கு இன்னொரு சின்னப் பிள்ளை, இயேசுவோட அம்மா மரியாள், வயித்துல சுமந்துட்டு வாரா, மூணு மாசம்போல இருக்கா. யாரு யாருக்கு தண்ணி எடுத்துக் குடுத்தா, யாரு யாருக்கு கால் அமுக்கிவிட்டா, ஒண்ணும் எழுதல. வீட்டுக்காரரு சகரியா வாயே பேச முடியாம இருந்தாரு, அதனால ரெண்டு பேரும் நிம்மதியா பேசிருப்பாங்கன்னு எங்க சங்கத்துல ஒரு அக்கா சொல்லி எல்லாரும் சிரிச்சு, எங்க பாஸ்டர் வீட்டம்மா ஐயரம்மா அதட்ட வேண்டியதாப் போச்சு.

அதனால நீ செக்ரட்டரிங்கிறதுக்காக பெயின்ட் அடிச்சப்புறம் கூப்பிடுதேன், சோஃபா வாங்கினப்புறம் கூப்பிடுதேன்னு இருக்காத. பாய விரி. மொதல்ல உன் வீட்லயே வெறும் சுண்டல் போட்டு ஆரம்பி, நீ செஞ்சாத்தான் இல்லாதவங்களுக்கு தைரியம் வரும். வந்தவங்கள காய் நறுக்க விடு, டம்ளர் கழுவ விடு, வேண்டாம் வேண்டாம் நீங்க உக்காருங்கன்னு பிடுங்காத, அது உனக்கு கஷ்டம்னு எனக்கு தெரியும், ஹாஸ்டல்லயே என் தட்டயும் சேத்து கழுவுன ஆளு நீ.

நம்ம கோயில் பிரதிஷ்டை பண்டிகைக்கு நாங்க ரெண்டு பேரும் ஊருக்கு வாரோம், உன் வீட்லதான் தங்கல். சபையார் எல்லாரும் சேந்து சாப்பிடுற அசனத்துக்கு மொத நாள் ராத்திரி கோயில் வளாகத்துல கத்தரிக்கா நறுக்க என்னையும் கூட்டிட்டு போகணும், சொல்லிட்டேன். ட்ரெயின் டிக்கெட் இன்னும் போடல, உன் மருமகளுக்கு நாள் எப்போ குடுத்திருக்காங்கன்னு எழுது, அதப் பாத்துட்டு போடுதேன். அவ பிள்ளை பெத்து வந்தா ஒரு பத்து நாள் சேந்து இருந்துட்டு வாரேன், பத்தியச் சமையல் என் பொறுப்பு.