கியர் இல்லாத சைக்கிள்லயே பழவேற்காடு போயிட்டு வரலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை பக்கத்துல தூரமா சைக்கிள் போறத பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா அதுல சொன்ன ரூட்டு எல்லாமே ஈசிஆர், மகாபலிபுரம் பக்கம், சொன்ன சைக்கிள் எல்லாமே கியர் வச்ச வண்டி. எங்க வடசென்னையில தெருவுக்கு தெரு சைக்கிள் நிக்குது சார், பெரும்பாலும் கியர் இல்லாததுதான். அத வச்சிருக்கவங்களுக்கும் தூரம் போகணும்னு ஆசை இருக்கும், அது முடியும்னு அவங்களுக்கு யாராவது சொல்லணும் இல்லையா, அதுக்காகத்தான் எழுதுறேன். போன தை மாசம் நானும் என் தம்பியும் தண்டையார்பேட்டையில இருந்து பழவேற்காடு போயிட்டு அன்னைக்கே திரும்பி வந்தோம், போக வர நூறு கிலோமீட்டர் தாண்டிடுச்சு, ரெண்டு பேருக்குமே அவ்ளோ தூரம் அதுதான் மொத தடவ.

என்னோடது எங்க பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூல்ல குடுத்த அரசாங்க சைக்கிள். அவ படிச்சு முடிச்சு வேலைக்கு போயிட்டா, வண்டிய நான் எடுத்துக்கிட்டேன், கம்பெனிக்கு போறது வரது எல்லாம் அதுலதான். கிளம்புறதுக்கு முன்னாடி எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட விட்டு ஓவராயில் பண்ணேன், பேரிங் பால்ஸ் மாத்தி புது கிரீஸ் வச்சு, ரெண்டு வீலுக்கும் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாத்தி குடுத்தாரு. "யக்கா, கியர் இல்லன்னு பயப்படாத, நம்ம ஊர்ல மலை எங்க இருக்கு"ன்னு சொன்னாரு. அது உண்மைதான், வடக்க போற ரோடு முழுக்க தட்டையான பூமி, ஏத்தம்னு சொன்னா ரயில்வே மேம்பாலமும் ஆத்துப் பாலமும்தான்.

அவர்தான் இன்னொரு கணக்கும் சொன்னாரு. என் வண்டியில முன்னாடி செயின் வீல்ல 44 பல், பின்னாடி ஃப்ரீவீல்ல 18 பல், அப்போ பெடல் ஒரு சுத்து சுத்துனா பின்சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டரை சுத்து சுத்தும், 26 இஞ்ச் வீலுக்கு அது அஞ்சு மீட்டர். நிமிஷத்துக்கு அறுபது சுத்து நிதானமா மிதிச்சா மணிக்கு 18 கிலோமீட்டர் வருது. இத தெரிஞ்சிக்கிட்டதுக்கு அப்புறம் தூரத்த பத்தின பயமே எனக்கு போயிடுச்சு, வேகமா மிதிக்கவே வேணாம், அந்த அறுபது சுத்த விடாம புடிச்சுக்கிட்டா போதும். சீட்டு உயரம் மட்டும் சரியா இருக்கணும், பெடல் கீழ இருக்கும்போது குதிகால வச்சா கால் நேரா நீளணும், நம்ம ஆளுங்க பாதி பேரு சீட்ட தாழ்த்தி வச்சுக்கிட்டு முட்டி வலிக்குதுன்னு சொல்றாங்க. பாலம் வந்தா கொஞ்சம் முன்னாடியே வேகம் எடுத்துக்கிட்டு, நடுவுல எழுந்து நின்னு உடம்பு வெயிட்ட போட்டு மிதிச்சா ஏறிடும். டூர் டி பிரான்ஸ்னு பிரான்ஸ்ல பெரிய ரேஸ் நடக்குதே, 1903-ல ஆரம்பிச்சது, அதுலயே 1937 வரைக்கும் ஓடிக்கிட்டே மாத்துற கியருக்கு அனுமதி குடுக்கல, பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் வேற வேற அளவு பல்சக்கரம் இருக்கும், பெரிய பெரிய மலைக்கு கீழ இறங்கி அந்த சக்கரத்த கழட்டி பக்கம் மாத்தி மாட்டிதான் ஏறுனாங்க. நமக்கு எதுக்கு சார் கவலை.

நமக்கு மலைன்னா அது எதிர்காத்துதான். கியர் வண்டின்னா எதிர்காத்துக்கு லேசா மாத்திக்கலாம், நம்ம வண்டியில அது கிடையாது, வேகத்த குறைச்சுக்கிட்டு பொறுமையா போகணும். தை மாசத்துல வாடக்காத்து வடக்க இருந்து வரும், அதனால காலையில உடம்பு தெம்பா இருக்கும்போதே எதிர்காத்துல போயிட்டு திரும்பும்போது முதுகுல காத்து தள்ள வந்துடலாம். பங்குனி சித்திரையில காத்து தெக்க இருந்து வரும், அப்போ களைச்சுப்போய் வீடு திரும்புற நேரத்துல அது மூஞ்சிலயே அடிக்கும், வெயிலு வேற. மொத தடவ போறவங்க மார்கழி தையிலயே போயிட்டு வந்துடுங்க.

நாங்க விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி காசிமேடு தாண்டி கடலோர ரோட்ல திருவொற்றியூர் போய், அங்க இருந்து டிபிபி ரோட்ட (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி ரோடு) புடிச்சு மணலி புதுநகர், நாப்பாளையம், கொசஸ்தலை ஆத்துப் பாலம், மீஞ்சூர்னு போனோம். இதுல திருவொற்றியூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் உள்ள ரோட்ட பத்திதான் நான் முக்கியமா சொல்லணும். எண்ணூர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம், சென்னை துறைமுகம் எல்லாத்துக்கும் போற கன்டெய்னர் டிரெய்லருங்க ஓடுற பக்கம் இது. ஓரத்துல வரிசையா டிரெய்லர் நிக்கும், அத சுத்தி போகணும்னா சைக்கிள்காரன் நடு ரோட்டுக்குதான் வரணும், அங்க பின்னாடி இன்னொரு டிரெய்லர் வந்துக்கிட்டு இருக்கும், அது பக்கத்துல கடந்து போகும்போது அந்த காத்து நம்மள உள்ள இழுக்குது, ஓரத்துல ஒதுங்கலாம்னா மண்ணு சேர்ந்து கிடக்கு, சக்கரம் வழுக்கும். டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன வழியில பின்சக்கரம் போகாது, உள்ளுக்கு வாங்கும், அந்த இடத்துல சைக்கிள் இருந்தா டிரைவர் கண்ணுக்கு தெரியவே தெரியாது. அதனால சிக்னல்ல எந்த காரணத்துக்கும் டிரெய்லருக்கு இடது பக்கம் போய் நிக்காதீங்க, பின்னாடியே நில்லுங்க.

டிரைவருங்கள நான் குத்தம் சொல்லல. ராத்திரி பூரா துறைமுகத்துக்கு உள்ள போக லைன்ல காத்து கிடக்கறவங்க அவங்க, நாங்க போகும்போது ஒரு அண்ணன் வண்டிய நிறுத்தி கைய காட்டி எங்கள மொதல்ல போக விட்டாரு. நிக்க இடம் இல்லாம அவங்க ரோட்ல நிக்கிறாங்க, போக இடம் இல்லாம நாங்க அவங்க வழியில வரோம்.

மீஞ்சூர் தாண்டுனதும் மூச்சு விட முடிஞ்சுது. பொன்னேரியில இட்லி சாப்பிட்டு கிழக்க திரும்புனோம், திருப்பாலைவனம் பக்கம் ரெண்டு பக்கமும் வயலு, அறுப்பு நடந்துக்கிட்டு இருந்துச்சு, அந்த ரோட்ல என் வண்டி ஃப்ரீவீல் சத்தம் எனக்கு நல்லா கேட்டுச்சு. பழவேற்காட்ல ஏரிய பாத்தோம், தூரத்துல பூநாரை கூட்டம் நின்னுச்சு, டச்சுக்காரங்க கல்லறைக்கும் போனோம், அவங்க 1613-லயே இங்க கோட்டை கட்டுனவங்க, கல்லறை வாசல்ல எலும்புக்கூடு சிலை செதுக்கி வச்சிருக்காங்க. சென்னையில கோட்டை வர்றதுக்கு முன்னாடியே இருந்த ஊர் சார் அது, நம்ம வீட்ல இருந்து சொந்தக் கால்ல போயிட்டு வர்ற தூரத்துல இருக்கு. இறால் தொக்கும் சோறும் சாப்பிட்டு நிழல்ல கொஞ்சம் படுத்துட்டு கிளம்பி, இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துட்டோம். மறுநாள் தொடை வலிச்சுது, கம்பெனிக்கு அதே சைக்கிள்லதான் போனேன், மனசுக்கு அவ்ளோ சந்தோஷம்.

நாங்க ஒருநாள் ஆசைக்கு போனோம், ஆனா அந்த மணலி புதுநகர் ரோட்ல தினமும் சோத்து டப்பாவ ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு கம்பெனிக்கு சைக்கிள்ல போறவங்க இருக்காங்க, அவங்களுக்கு வேற வழி கிடையாது. சென்னை மாநகராட்சி 2014-லயே நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனியா ஒரு கொள்கை ஏத்துக்கிச்சு. நாங்க கேக்குறது பெருசா எதுவும் இல்ல, திருவொற்றியூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் ரோட்டோரத்துல ஒரு சைக்கிள் போற அகலம், அதுல டிரெய்லர் நிக்காம பாத்துக்கணும், வாரத்துக்கு ஒரு தடவ மண்ணு கூட்டணும், டிரெய்லருங்க நிக்கிறதுக்கு தனியா இடமும் கக்கூசும் தண்ணியும் குடுக்கணும்.

உங்க நிருபர் யாரையாவது ஒருநாள் காலையில ஷிப்டு மாறுற நேரத்துக்கு அங்க அனுப்புங்க, போட்டோ எடுத்து அதே ஞாயித்துக்கிழமை பக்கத்துல போடுங்க. சைக்கிள்ல வந்தா இன்னும் நல்லது, நானும் கூட வரேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை