கேம்ஷாஃப்ட் மாத்தறதுக்கு முன்னாடி இன்லெட் வால்வு எப்ப மூடுதுன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க வாகன பக்கத்துல பழைய காரை வேகமாக்கறது எப்படின்னு வந்த கட்டுரைய பட்டறைல எல்லாரும் படிச்சோம். ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் பத்தி எழுதினதெல்லாம் சரிதான், ஆனா கேம்ஷாஃப்ட், அதான் வால்வுங்கள தொறந்து மூட வெக்கற தண்டு, அது வந்த எடத்துல லிஃப்ட் அதிகமா இருக்கற கேம் போட்டா பவர் ஏறும்னு ஒத்த வரில முடிச்சிட்டாங்க, அத படிச்சிட்டு மறுநாளே ஒரு தம்பி பழைய கார்புரேட்டர் மாடல் மாருதி எஸ்டீம் காரோட வந்து நின்னு இருக்கறதுலயே பெரிய கேமா போட்டு குடுங்கண்ணாங்கறான். இனி எத்தன பேர் வருவாங்களோ, அதான் எழுதறேன்.

லிஃப்ட்டுங்கறது வால்வு எவ்ளோ கீழ எறங்குதுங்கறது. அது முக்கியம்தான், இல்லேங்கல. ஆனா ரோட்ல ஓடற வண்டிக்கு அத விட பெரிய விஷயம் வால்வு எப்ப தொறக்குது எப்ப மூடுதுங்கறது, அதுலயும் நான் மொதல்ல கேக்கறது காத்தும் பெட்ரோலும் உள்ள வர்ற இன்லெட் வால்வு எப்ப மூடுதுன்னுதான். பிஸ்டன் அடி வரைக்கும் போய் திரும்ப மேல ஏற ஆரம்பிச்ச பின்னாடியும் இன்லெட் கொஞ்ச நேரம் தொறந்தேதான் இருக்கும், அநேகமா எல்லா இன்ஜின்லயும் அப்படித்தான். ஆர்பிஎம், அதாவது நிமிஷத்துக்கு இன்ஜின் சுத்தற சுத்து, ஜாஸ்தியா இருக்கறப்போ காத்து வர்ற வேகத்துல இன்னும் உள்ள நொழஞ்சிட்டே இருக்கும், அது லாபம். அதே ரெண்டாயிரம் ஆர்பிஎம்ல காத்துக்கு அந்த வேகம் கெடையாது, ஏறி வர்ற பிஸ்டன் உள்ள வந்த காத்து பெட்ரோல் கலவையையே திரும்ப மேனிஃபோல்டுக்கு, அதான் காத்து வர்ற குழாய்க்கு, தள்ளி விட்டுடும். பெரிய கேம்னா வால்வு அதிக நேரம் தொறந்திருக்கும், இன்லெட்டும் இன்னும் லேட்டாதான் மூடும்.

கணக்கு போட்டே பாக்கலாம். எஸ்டீமோட 1298 சிசி இன்ஜின்ல ஸ்ட்ரோக், பிஸ்டன் மேலருந்து அடி வரைக்கும் போற தூரம், 75.5 மி.மீ. பிஸ்டன் அடிக்கு போன பின்னாடி அத ஏத்தி எறக்கற கிராங்க் 45 டிகிரி சுத்தறப்போ இன்லெட் மூடிடுச்சுன்னா ஸ்ட்ரோக்ல பத்துல ஒரு பங்குதான் வீணாகுது. ரேஸ் கேம் மாதிரி 70 டிகிரி தாண்டி மூடினா கால் பங்கு போச்சு. பேப்பர்ல 9க்கு 1னு (ஒம்பது பங்கு எடத்துல இருக்கறத ஒரு பங்குக்கு அமுக்கறது) போட்டிருக்கற கம்ப்ரஷன், வால்வு மூடின பின்னாடி நெஜமா அமுக்கறத மட்டும் பாத்தா மொதல் கேம்ல சுமார் 8க்கு 1, ரெண்டாவதுல 7க்கும் கீழ. அப்பறம் பிக்கப் எங்கிருந்துங்க வரும்? பெரிய கேம் போடறவன் இன்ஜின் ஹெட்டோட அடிய கொஞ்சம் சீவி விட்டோ வேற பிஸ்டன் போட்டோ கம்ப்ரஷனையும் சேத்து ஏத்தணும்கறது இதனாலதான், கேம் மட்டும் மாத்தினா காசும் போயி வண்டியும் மந்தமாயிடும்.

இன்னொரு குழப்பம் இந்த டியூரேஷன் நம்பர்ல. வால்வு எத்தன டிகிரி தொறந்திருக்குங்கறததான் டியூரேஷன்ங்கறாங்க, ஆனா எந்த எடத்துல இருந்து அளக்கறதுங்கறது கம்பெனிக்கு கம்பெனி வேற. அமெரிக்கால செவர்லே வி8க்கு காம்ப் கேம்ஸ் விக்கற எக்ஸ்ஈ268எச்னு ஒரு கேம், பேர்லயே 268 இருக்கு, ஆனா கேம் தூக்கற டேப்பட் 1.27 மி.மீ. எழும்பின எடத்துல இருந்து அளந்தா இன்லெட் 224 டிகிரிதான். ரெண்டும் ஒரே கேம்தான்! ஒரு கடைக்காரர் சொல்ற 268ஐயும் இன்னொருத்தர் சொல்ற 230ஐயும் பக்கத்துல வெச்சு மொதலாவதுதான் பெருசுன்னு வாங்கிட்டு போறவங்கள நான் நெறைய பாத்துட்டேன். 1.27 மி.மீ. கணக்குல எவ்ளோன்னு கேளுங்க, பதில் சொல்ல தெரியலைன்னா அந்த கடைல வாங்காதீங்க.

நீங்க ஓட்டறது எந்த ஆர்பிஎம்ல? அவினாசி ரோட்ல ஓட்டற கார் முக்காவாசி நேரம் ரெண்டாயிரத்துல இருந்து நாலாயிரத்துக்குள்ளதான் கெடக்கும். கேம் பவர புதுசா உண்டாக்கறத விட அத மேல் ஆர்பிஎம் பக்கம் நகத்துதுங்கறதுதான் நெஜம், மேல் ஆர்பிஎம்ல ஏறினது கீழ கொறையும். ஆறாயிரத்துல பத்து குதிரை ஏறி மூவாயிரத்துல இழுவை, அதான் டார்க், செத்துடுச்சுன்னா லாரிய ஓவர்டேக் பண்ண ரெண்டு கியர் எறக்கணும். அதனால ரோட்டுக்குன்னு வர்றவங்களுக்கு நான் சொல்றது, மனசுல நெனச்சிருக்கற கேம விட ஒரு படி சின்னதா எடுங்க. மிச்சமாகற காசுல ஹெட்ல காத்து போற வழிய சீராக்கற போர்ட் வேலை பண்ணி, வால்வு ஒக்கார்ற எடத்த மூணு சாய்வா வெட்டற நல்ல த்ரீ ஆங்கிள் வால்வு சீட்டும் போட்டுக்கலாம், அளவா பண்ணினா அதுல எந்த ஆர்பிஎம்லயும் பெருசா நஷ்டம் கெடையாது.

பெரிய கேம்ல இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் சேந்து தொறந்திருக்கற நேரம், அந்த ஓவர்லேப், அதிகம். ஐட்லிங்ல டக்கு டக்குன்னு ஆடறது அதனாலதான், பசங்களுக்கு அந்த சத்தம் புடிக்கும், சரி. ஆனா சிக்னல்ல ஏசி போட்டுட்டு நின்னா வண்டி ஆஃப் ஆகும், எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் வழியா போறதால புகை டெஸ்ட்ல ஹைட்ரோகார்பன் தூக்கும். இத விட மோசம் ஒண்ணு இருக்கு, பிரேக் பெடலுக்கு ஒத்தாசை பண்ற பிரேக் பூஸ்டர் வேலை செய்யறதே மேனிஃபோல்ட் வேக்கூம்ல, பெரிய கேம்ல அது கொறஞ்சா பெடல் கல்லு மாதிரி ஆயிடும். வேகத்த ஏத்தி பிரேக்க கொறைக்கற வேலைய யாராவது பண்ணுவாங்களா? கட்டுரைல இத பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க.

நம்ம ஊர்ல இந்த பழைய வண்டிங்களுக்கு கேம் பொட்டில போட்டு ரெடியா கெடைக்கறது கஷ்டம், பெரும்பாலும் வண்டியோட வந்த கேமையே தேச்சு ரீகிரைண்ட்தான் பண்றாங்க. கேம்ல முட்டை மாதிரி துருத்திட்டு இருக்கற லோப்போட உச்சிய விட்டுட்டு, அதோட அடி வட்டமான பேஸ் சர்க்கிள கொறைக்கறது, அதுல லிஃப்ட் கூடும். பேஸ் சர்க்கிள் சின்னதானா டேப்பட் ஸ்க்ரூவ ரொம்ப எறக்கி செட் பண்ண வேண்டியிருக்கும், வால்வ அமுக்கற ராக்கர் வால்வோட நடுவுல ஒக்காராம ஓரத்துல தேய்க்கும், மேல இருக்கற ஹார்டான லேயர் போயிட்டா சீக்கிரமே லோப் வட்டமாயிடும். லிஃப்ட் கூடறதால வால்வு ஸ்பிரிங்கோட சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதான்னும் பாக்கணும். வால்வு பிஸ்டன்ல இடிக்குமான்னு பாக்க நாங்க பண்றது சுலபம், பசங்க வெளயாடற கிளேய பிஸ்டன் மேல வெச்சு ஹெட்ட மாட்டி, டைமிங் பெல்ட் போட்டு, ஸ்பேனர் வெச்சு கையாலயே கிராங்க ரெண்டு சுத்து சுத்திட்டு கழட்டி, அந்த கிளேய பிளேடால வெட்டி மெலிசான எடத்த வெர்னியர்ல அளந்தா இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.யாவது இருக்கணும். இத செய்யாம நேரா செல்ஃப் அடிச்சு ஸ்டார்ட் பண்ற எடத்துல வேலை குடுக்காதீங்க.

சின்ன கேமுக்கும் பெரிய கேமுக்கும் இருக்கற இந்த சண்டைய 1989லயே ஹோண்டா இன்டெக்ரால தீத்துட்டாங்க, ஒரே ஷாஃப்ட்ல ரெண்டு விதமான லோப், கொறஞ்ச ஆர்பிஎம்முக்கு ஒண்ணு அதிக ஆர்பிஎம்முக்கு ஒண்ணு, 1.6 லிட்டர்ல 160 குதிரை. அதுதான் விடெக். பழைய சிட்டி விடெக் வெச்சிருக்கறவங்க கேம தொடாம இருந்தாலே போதும், நல்லபடியா சர்வீஸ் பண்ணி ஓட்டுங்க.

சட்டம் பத்தியும் கட்டுரைல மேலோட்டமாத்தான் இருந்துச்சு. மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு ஆர்சில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டிய மாத்த விடாது, 2019 திருத்தத்துக்கு அப்பறம் அனுமதி இல்லாம பண்ற ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஐயாயிரம் ரூபா அபராதம் போட எடம் இருக்கு. ஆறாயிரம் ஆர்பிஎம் பாத்தே ஆகணும்ங்கறவங்களுக்கு செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேங்கற ரேஸ் ட்ராக் இருக்கு.

அடுத்த தடவை இந்த மாதிரி எழுதறப்போ கேமுக்குன்னு ஒரு அட்டவணை போட்டு, அதுல லிஃப்ட்டுக்கு பக்கத்துலயே இன்லெட் மூடற டிகிரி, 1.27 மி.மீ. டியூரேஷன், எந்த ஆர்பிஎம்ல இருந்து எந்த ஆர்பிஎம் வரைக்கும்னு மூணு கட்டம் சேத்து போட சொல்லுங்க சார். அந்த பேப்பர் பக்கத்த எஸ்டீம் தம்பிக்கும் வெட்டி குடுக்கறேன்.

இப்படிக்கு,
இன்ஜின் ஹெட் வேலை பாக்கற ஒரு வாசகன்,
கணபதி, கோவை.