சிங்கராஜாவுக்குப் புறப்படும் நண்பனுக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, நீயும் ஓய்வுபெற்றாயிற்று, மார்ச்சில் கமலாவோடு பறவை பார்க்க இலங்கையின் சிங்கராஜா மழைக்காட்டுக்கும் புந்தல தேசியப் பூங்காவுக்கும் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் நலம்.

"30 டிகிரிதானே, வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இது எம்மாத்திரம்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் இடிக்கிறது. வேலூரில் வேர்வை காயும். காயும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சிங்கராஜாவின் புழுக்கத்தில் வேர்வை சொட்டும், காயாது. தண்ணீரும் உப்பும் வெளியேறும், சூடு உள்ளேயே தங்கும். புதுச் சூட்டுக்கு உடம்பு முழுதாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால் முதல் மூன்று நாள் பாதி வேலைதான். விடிந்ததும் கிளம்பு, பத்து மணிக்குத் திரும்பு, மூன்றரைக்கு மேல் மறுபடி போ. மார்ச் கடைசியில் பிற்பகல் இடிமழை வழக்கம். வானம் கறுத்தால் காத்திருக்காமல் இறங்கிவிடு.

வேர்த்து நடக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தாகம் எடுக்கட்டும் என்று இருக்காதே. ஒரே மூச்சில் ஒரு லிட்டரும் குடிக்காதே. மணிக்கணக்கில் வெறும் தண்ணீரையே குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வரும். தண்ணீர் போதாமல் போனாலும் கிட்டத்தட்ட இதே அறிகுறிகள்தான். அதனால் பலர் இன்னும் குடித்து நிலைமையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே உப்பு வேர்க்கடலையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் பையில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அரை லிட்டரில் போட்டால் உப்பு மிஞ்சிவிடும். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

சோர்வு, தலைசுற்றல் என்றால் நிழலில் படுத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ அது வெப்பவாதம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. நடந்து வந்தவருக்கு வேர்த்துக்கொண்டே இருக்கலாம். உடனே தண்ணீரை உடம்பெல்லாம் கொட்டி விசிறிக்கொண்டே 1990-க்குப் போன் செய்யுங்கள். அது அங்கே இலவச ஆம்புலன்ஸ். நினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.

சிங்கராஜாவுக்கு நீ போவதே கலவைக் கூட்டத்துக்காகத்தான், அதாவது பல இனப் பறவைகள் சேர்ந்து இரைதேடி நகரும் கூட்டத்துக்காக. அரைமணி நேரம் காடே ஊமையாக இருக்கும். திடீரென்று சிலம்பன்களும் கரிச்சானும் சத்தமிட, பின்னாலேயே செம்முகப் பூங்குயிலும் நீல மேக்பையும் வரும். துரத்தி ஓடாதே. பாசி பிடித்த கல்லில் கணுக்கால் பிசகுவது அந்த ஓட்டத்தில்தான். கூட்டம் பாதையைக் குறுக்கே கடக்கும், நின்ற இடத்திலேயே நில். நடக்கும்போது பைனாகுலர் கழுத்தில், நின்ற பிறகே கண்ணில். உடன் வரும் வழிகாட்டிக்குக் கூட்டம் எந்தப் பக்கம் நகரும் என்று தெரியும், அவர் சொல் கேள்.

அந்தப் பைனாகுலரை ஏ.சி. அறையில் வைக்காதே. குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் பட்டதும் நீர் படியும், அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. அந்த அரைமணி விடியற்காலையின் நல்ல நேரம். குளியலறையிலோ ஏ.சி. எட்டாத மூலையிலோ வை. உன்னுடையது நைட்ரஜன் நிரப்பி அடைத்தது என்றால் உள்ளே பனி படியாது, வெளிக் கண்ணாடியில் மட்டும்தான் படியும். கேமராவின் ஜூம் லென்ஸ் அப்படியில்லை, நீட்டும்போதெல்லாம் வெளிக்காற்றை இழுக்கும். ஈரம் உள்ளே தங்கினால் பூஞ்சை. இரவில் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வை. அரிசி வேண்டாம், தூசிதான் மிஞ்சும்.

மழைக்கோட்டை விடக் குடை மேல். கோட்டுக்குள் வேர்வையே மழையாகும்.

அட்டைக்கு, நெருங்கிய நெசவுப் பருத்தியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறைதான் மருந்து. பேன்ட்டை அதற்குள் செருகு. கடித்துவிட்டால் உப்பு, தீக்குச்சி எதுவும் வேண்டாம். வயிற்றில் இருப்பதைக் காயத்தில் கக்கும். மெலிந்த முனையின் அடியில் நகத்தை நுழைத்துப் பக்கவாட்டில் தள்ளு, பிறகு தடித்த முனை. சோப்பால் கழுவி அழுத்திக் கட்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் சில மணி நேரம் கசியலாம், பயப்படாதே. டீட் கலந்த பூச்சிவிரட்டி பைனாகுலரின் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் அரிக்கும். அதற்குப் பதில் 20 சதவீத பிகாரிடின் கலந்த விரட்டி வாங்கு.

புந்தல நேர்மாறு. அம்பாந்தோட்டைப் பக்கத்து வெட்டவெளிக் காற்றில் வேர்வை வந்ததே தெரியாமல் காய்ந்துவிடும், எவ்வளவு இழந்தோம் என்று புரியாது. திறந்த ஜீப்பில் மேலிருந்தும் உப்பளத் தண்ணீரிலிருந்தும் வெயில் அடிக்கும். காதும் மோவாய்க்கு அடியும் கருகும். சிறுநீரின் நிறத்தைக் கவனி, அடர் மஞ்சளானால் குறைவாகக் குடிக்கிறாய். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்து டெலஸ்கோப்பில் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் எல்லாம் நெளியும். 60 மடங்கில் கூர்மை தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் 25-க்கு இறக்கு. கிட்டத்தில் மேய்வதை மட்டும் பார். தூரத்துக் கூட்டங்களை விடியலிலேயே முடித்துவிடு.

எனக்கு உண்மையில் கவலை உன் பிபி மாத்திரைதான். நீர் பிரியச் செய்யும் வகையாக இருந்தால் இந்த வேர்வையோடு சேர்ந்து உடம்பை வறட்டிவிடும். ஓ.ஆர்.எஸ்.ஸில் உப்பும் இருக்கிறது. நீயாக நிறுத்திவிடாதே, டிக்கெட் போடுவதற்கு முன் டாக்டரிடம் இரண்டையும் சொல்லிக் கேள். கமலாவின் சளி மாத்திரையையும் காட்டு, அவற்றில் சில வேர்வையைக் குறைக்கும். அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
ரகு