சவன்னா தரிசு நிலம் அல்ல

ஆசிரியருக்கு,

மரம் நடும் திட்டங்கள் சவன்னாக்களை, அதாவது மரங்கள் ஆங்காங்கே நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளிகளை, தரிசு என்று கணக்கில் சேர்ப்பது பெருந்தவறு. அங்குள்ள புற்களில் பெரும்பாலானவைக்கு முழு வெயில் வேண்டும். யூகலிப்டஸையோ பைனையோ நெருக்கி நட்டு நிழல் மூடினால் முதலில் புல் அழியும், அடுத்து அதை நம்பி மேயும் விலங்குகளும் தரையில் கூடு கட்டும் பறவைகளும் போகும். பிரேசிலின் செராடோ என்ற சவன்னாப் பகுதியில் ஏறத்தாழப் பாதி ஏற்கெனவே சோயாவுக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டது. பல செடிகளின் உயிர் மண்ணுக்கடியில் வேரிலும் கிழங்கிலும் இருப்பதால், ஒருமுறை ஆழ உழுதாலே மீள்வது மிகக் கடினம்.

தீயை முற்றிலும் தடுப்பதும் கேடுதான். காய்ந்த புல் சேர்ந்துகொண்டே போய், கோடையின் கடைசியில் பற்றும்போது வளர்ந்த மரங்களையும் கொல்லும். வடக்கு ஆஸ்திரேலியப் பழங்குடியினர் செய்வதே சரி: மழை ஓய்ந்த சில வாரங்களில், புல் பாதி பச்சையாக இருக்கும்போது, காற்று குறைந்த மாலையில் திட்டுத்திட்டாக எரிப்பது. இரவுப் பனியில் தீ தானே அடங்கும். ஆண்டுதோறும் ஒரே திட்டை எரிக்கக் கூடாது. எரித்த இடத்தில் துளிர்க்கும் இளம்புல்லுக்கு மாடுகள் மொய்க்கும். புல் வேர்பிடித்துத் தேறும்வரை அவற்றை உள்ளே விடாதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

எந்த நிலத்திலும் கன்று நட அனுமதி தருமுன், மழைக்காலத்தில் புல்வகைகளைக் கணக்கெடுப்பதை அரசுகள் கட்டாயமாக்க வேண்டும்.