வெளிநாட்டு நிலமும் இரவல் பெயரும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குடியுரிமை இல்லாத நாட்டில் நிலம் வாங்க விரும்புவோர், விலையையும் அமைவிடத்தையும் விசாரிக்கும் அளவுக்கு, அந்த நிலம் தம் பெயரில் பதிவாகுமா என்பதை விசாரிப்பதில்லை என்பது எனக்குப் பெருங்கவலை அளிக்கிறது. பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அயல்நாட்டவர் நிலம் வாங்குவதைப் பொதுவாகத் தடுக்கிறது. தாய்லாந்தில், ஒரு கட்டடத்தின் மொத்த அடுக்குமாடிப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் உரிமை கொள்ளலாம். ஆனால் தனி நிலம் வாங்குவது ஏறக்குறைய இயலாது.

இத்தகைய நாடுகளில், உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர்கள் கூறும் யோசனைதான் மிகவும் ஆபத்தானது. பணம் முழுவதையும் நாம் கொடுத்திருந்தாலும் பத்திரத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்பதால், அவர் நிலத்தை விற்றாலோ, அடகு வைத்தாலோ, இறந்து அவருடைய வாரிசுகள் உரிமை கோரினாலோ, சட்டத்துக்குப் புறம்பான அந்த ஏற்பாட்டைக் காட்டி நீதிமன்றத்தில் நியாயம் கேட்பது மிகக் கடினம். தாய்லாந்தில் இவ்வாறு பெயர் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமும்கூட.

நேர்மையான வழிகளும் உள்ளன. மெக்சிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டுமனையை வங்கியின் பொறுப்புரிமை (வங்கி தன் பெயரில் வைத்திருந்து, அனுபவிக்கும் உரிமையை வாங்குபவருக்குத் தரும் சட்டபூர்வ ஏற்பாடு) மூலம் பெறலாம்; தாய்லாந்தில் 30 ஆண்டுக் குத்தகை எடுக்கலாம். எதுவாயினும், விற்பவருக்கும் தரகருக்கும் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவர் பதிவு ஆவணங்களைப் பார்க்கும்வரை முன்பணம் தரக் கூடாது. தங்கள் நாளிதழ் இந்தச் சட்டங்களை நாடுவாரியாக விளக்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்