பாப்பாவுக்கு, கால்ல வந்த புள்ளியப் பத்தி

பாப்பா,

போன்ல நீ கேட்டதுக்கெல்லாம் என்னால சரியா பதில் சொல்ல முடியல, பக்கத்துல உங்கப்பா நின்னுக்கிட்டு அதச் சொல்லாத இதச் சொல்லாதன்னு சைகை காட்டிட்டே இருந்தாரு, அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோ, இந்த கீபோர்டு அதுவா ஒன்ன போடுது.

என் கால்ல புள்ளி வர்றதுக்கு ரத்தத்துல இருக்குற ஹெபடைடிஸ் சி வைரஸ்தான் காரணம்னு டாக்டரம்மா சொன்னத நீ நம்பல, உன் சந்தேகம் நியாயமானதுதான். ஹெபடைடிஸ் சி ஈரல்ல வர்ற வியாதியாச்சே, உனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையேம்மா, கால்ல புள்ளி வந்ததுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், வேற டாக்டர பாருங்கன்னு சொன்ன. எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணுச்சு. முட்டிக்குக் கீழ கணுக்கால் வரைக்கும் கடுகு சைஸ்ல செகப்பா வரும், தடவுனா லேசா மேடா தட்டுப்படும், விரல வச்சு அமுக்குனா வெளுக்கவே வெளுக்காது. கல்யாண வீடு, கோயில் கூட்டம்னு ரொம்ப நேரம் நின்ன அன்னைக்கு ராத்திரி பாத்தா கால் பூரா இருக்கும், அப்புறம் சில நாள்ல மங்கி காப்பிக் கற மாதிரி தடம் மட்டும் நிக்கும். தோல் டாக்டர் அலர்ஜின்னு ஆயின்ட்மென்ட் குடுத்தாரு. இன்னொருத்தர் கை மூட்டு வலிக்கு ரத்தம் எடுத்து ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ், முடக்குவாதம்னுட்டாரு. இப்ப பாக்குற மூட்டுவாத டாக்டரம்மாதான் ஆன்டி சி.சி.பி.ன்னு, முடக்குவாதம்தானான்னு உறுதி பண்ற டெஸ்ட் ஒன்னு எடுக்கச் சொன்னாங்க, அது நெகட்டிவ், கூடவே சி4ன்னு எதிர்ப்பு சக்திக்கு உதவுற ஒரு ரத்தப் புரோட்டீன் ரொம்ப கம்மி. உடனே அவங்க கேட்ட மொத கேள்வி, "எப்பவாச்சும் ரத்தம் ஏத்திருக்காங்களாம்மா?"

ஏத்திருக்காங்க. 1988ல உங்க அண்ணன் பொறந்தப்ப. ரத்தம் நிக்காம போயி ரெண்டு பாட்டில் ஏத்தித்தான் என்னப் பொழைக்க வச்சாங்க. அந்த வருஷம் இந்த வைரஸ யாரும் கண்டே பிடிக்கல பாப்பா, ஏ-வும் இல்ல பி-யும் இல்லன்னு சுத்தி வளச்சுத்தான் அதுக்கு பேரு வச்சிருந்தாங்க. 1989லதான் இன்னதுன்னு தெரிஞ்சுது. நம்ம நாட்டுல ரத்த பேங்க்ல எல்லா பாட்டிலுக்கும் இந்த டெஸ்ட் கட்டாயம்னு ஆனதே 2000க்கு அப்புறம்தான். அதனால யார் மேலயும் கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல. உங்க அண்ணன்தான் கிறுக்குப்பய, என்னாலதானேம்மா உனக்கு இதுன்னு மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கான், நீ பேசினா அவன்கிட்ட கொஞ்சம் திட்டு.

இனி உன் கேள்விக்கு வர்றேன். இந்த வைரஸ் ஈரல்ல உக்காந்திருக்கும், ஆனா அது பாட்டுக்கு வருஷக்கணக்கா இருந்துகிட்டே இருக்கறதால எதிர்ப்பு சக்திக்கு ஓய்வே கிடையாது. ஆன்டிபாடி, அதாவது கிருமிய புடிக்கிற புரோட்டீன், அத தயாரிக்கிற பி செல்லுங்க ஓவர்டைம் பாத்து பாத்து கோணக்காலா ஒரு ஆன்டிபாடிய உண்டாக்கிருது, அது வைரஸ விட்டுட்டு நம்மளோட மத்த ஆன்டிபாடியவே போயி புடிக்கும். அதுதான் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் காட்டுனது. அப்படி ஒன்னோட ஒன்னு ஒட்டி கட்டி கட்டியா ஆகி சின்னச் சின்ன ரத்தக்குழாய்ல போயி படிஞ்சு அங்க புண்ணாக்கிருது, அந்தச் சண்டைல சி4 செலவாகி கொறஞ்சு போயிருது. குளிர்ல உறையுற இந்தப் புரோட்டீனுக்குப் பேரு கிரையோகுளோபுலின். தோல்ல படிஞ்சா புள்ளி, நரம்புக்குப் போற குழாய்ல படிஞ்சா மரமரப்பு (என் எடது பாதத்துல செருப்பு கழண்டு போனதே தெரியாம நடந்து வந்தேன்னு சிரிச்சியே, அதுதான்), கிட்னில படிஞ்சா யூரின்ல புரோட்டீனும் ரத்தமும் போகும். எனக்கு புரோட்டீன் லேசா இருக்கு, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் நார்மல்.

அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு பாரு, சயின்ஸ் டீச்சர் புத்தி எனக்கு போகல, கூடவே நின்னு பாத்தேன். ரத்தம் எடுக்குற ட்யூப்ப மொதல்லயே வெதுவெதுன்னு வச்சிருந்தாங்க, எடுத்ததும் அந்தப் பையன் 37 டிகிரி சுடுதண்ணி இருந்த பிளாஸ்க்ல போட்டு மூடி ஓட்டமா ஓடுறான். வழில ஆறிப்போச்சுன்னா அந்த புரோட்டீன் ரத்தக்கட்டியோட சேந்து கீழ போயிரும், ரிப்போர்ட் நெகட்டிவ்னு பொய்யா வந்துரும், நெறைய பேருக்கு அப்படித்தான் தப்பிப் போகுதாம். அப்புறம் ரத்தம் கட்டுனதும் மேல தெளிஞ்சு நிக்கிற சீரத்த மட்டும் பிரிச்சு 4 டிகிரி ஃபிரிட்ஜ்ல ஒரு வாரம் வரைக்கும் வச்சு பாக்குறாங்க. நான் கேட்டேன்னு அந்த லேப் பொண்ணு எனக்கு காட்டுச்சு, ட்யூப் அடியில வெள்ளையா மார்கழி மாச தேங்காண்ண மாதிரி உறஞ்சு கெடக்கு, சுடுதண்ணில வச்சு கொஞ்ச நேரத்துல மொத்தமும் கலஞ்சு தெளிஞ்சிருச்சு. என் ஒடம்புல ஓடுறதுதான் அதுன்னு நெனச்சப்ப ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, ஆனா பாக்க நல்லாவும் இருந்துச்சு. அதுக்காக குளிர் பட்டாத்தான் இது வரும்னு நெனைக்காத, மதுர சித்திர வெயில்லயே எனக்கு வந்துச்சே. இந்த வைரஸ் ரொம்ப வருஷம் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் ரத்தத்துல தேடுனா இது கிடைக்குமாம், தொந்தரவா வெளிய வர்றது கொஞ்ச பேருக்குத்தான்.

ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ இருக்குன்னு உங்கப்பா பப்பாளி இல ஜூஸ் அரச்சு குடுக்குறாரு, டெங்குவுக்கு எங்கயோ பாத்துட்டாராம். பெரியம்மா கீழாநெல்லி. ரெண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஈரல் தழும்பாகி மண்ணீரல் பெருசாச்சுன்னா அது பிளேட்லெட்ட புடிச்சு வச்சிக்கும், சில பேருக்கு எதிர்ப்பு சக்தியே அதையும் அழிக்கும், இதுக்கு ஜூஸ் என்ன செய்யும். பல் புடுங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லணும், அவ்ளோதான் எனக்கு போட்ட கண்டிஷன்.

நீ நெட்ல பாத்து பயந்த லிம்ஃபோமா, அதான் நெறிகட்டில வர்ற கேன்சர், அந்த விஷயம் நெசந்தான், மறைக்கல. பி செல்லு வருஷக்கணக்கா பெருகிட்டே இருந்தா சில பேருக்கு அது கேன்சரா மாறும், மத்தவங்களவிட இவங்களுக்கு வாய்ப்பு கூட. அதுக்குத்தான் கழுத்து, அக்குள்ல நெறிகட்டி இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் தொட்டுப் பாக்குறாங்க. எனக்கு இல்ல. வைரஸ ஒழிச்சதுமே சில வகை லிம்ஃபோமா தானா சுருங்குறதும் உண்டாம்.

ஒழிக்கிறதுக்கு மருந்து இருக்கு பாப்பா, அதுதான் பெரிய விஷயம். முன்னாடி இன்டர்ஃபெரான் ஊசி, மாசக்கணக்கா காய்ச்சலும் கைகால் கொடச்சலுமா, பிளேட்லெட்ட இன்னும் எறக்கி விட்டுரும், அப்படியும் பாதிப்பேருக்கு கேக்காது. இப்ப சோஃபோஸ்புவிர், வெல்பாட்டாஸ்விர் ரெண்டும் சேந்த ஒரே மாத்திர, தெனம் ஒன்னு, 12 வாரம், 100 பேர்ல 95 பேருக்கு மேல வைரஸ் போயிருது. 2018ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல பெரியாஸ்பத்திரிலயே ஃப்ரீயா குடுக்குறாங்க, அதனால நீ பணம் அனுப்புறேன்னு ஆரம்பிக்காத. நான் ரெண்டாவது மாத்திர பாட்டில்ல இருக்கேன். காலைல போடுவேனே கேஸ் மாத்திர, அத நிறுத்திட்டாங்க, வயித்துல அமிலம் கொறஞ்சா இந்த மாத்திர சரியா சேராதாம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி இருக்கான்னும் பாத்துட்டாங்க, இது போறப்ப அது தலதூக்கும்னு. புள்ளி இப்பவே கம்மி. மரமரப்பு மெதுவாத்தான் போகும், போகாமயும் இருக்கலாம்னாங்க, பாப்போம்.

இப்ப நான் உங்கிட்ட கேக்க வந்தது. உங்க அண்ணன் அந்த ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி பொறந்தவன். நீ அதுக்கு அப்புறம் எனக்கு 1992ல பொறந்த. தாய்கிட்டருந்து பிள்ளைக்கு போறது 100க்கு அஞ்சாறுதான், தாய்ப்பால்ல போகாது, ஒன்னா சாப்பிட்டதால கட்டிப்புடிச்சதால போகாது, உங்கப்பாவுக்கே நெகட்டிவ். இருந்தாலும் நீ ஒரு தடவ பாத்துரு. கொழந்தைக்கு பிளான் பண்றோம்னு வேற சொன்ன, அதுக்கு முன்னாடியே பாத்துடறதுதான் நல்லது, கர்ப்பமா இருக்கறப்ப பொதுவா இந்த மாத்திரய ஆரம்பிக்க மாட்டாங்க.

எச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) ஆன்டிபாடின்னு கேளு, சாப்பிட்டுட்டே போலாம். நெகட்டிவ்னா முடிஞ்சுது. பாசிட்டிவ்னா அங்கயே ஒப்பாரி வைக்காத, வைரஸ் எப்பவோ வந்துட்டு தானா போனவங்களுக்கும் ஆயுசுக்கும் பாசிட்டிவாத்தான் காட்டும், ஆர்.என்.ஏ. டெஸ்ட் எடுத்தாத்தான் வைரஸ் இப்ப இருக்கான்னு தெரியும். மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிரு, நான் சொன்னா நல்லாருக்காது. ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு, ஃபேமிலி குரூப்ல போட்டுறாத, பெரியம்மா உனக்கும் கீழாநெல்லி பார்சல் அனுப்பிருவா.

அம்மா